பாம்புக்கடி: எங்கே போவது என்பதை இன்றைக்கே முடிவு செய்து வையுங்கள்

கேள்வி இது. கேட்டவரின் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். அப்பாவும் அம்மாவும் ஊரில் தனியாக இருக்கிறார்கள். போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்கு விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி. கேஸ் என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. விஷக்கடிக்குப் பார்ப்பவரிடம் தூக்கிப் போய், அங்கே பச்சிலைச் சாறு கொடுத்து, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வழியிலேயே உயிர் போய்விட்டது. உடம்பில் கடித்த தடமே இல்லையாம். இது பாம்புக்கடியாக இருக்க முடியுமா, நம் வீட்டில் நடந்தால் என்ன செய்வது, அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இருக்குமா, அந்த ஊசியே ஆளைக் கொன்றுவிடும் என்கிறார்களே, அப்பாவுக்கு வேறு சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்: முடியும். விடியற்காலை வயிற்றுவலி, வாந்தி, அப்புறம் இமையைத் தூக்க முடியாமல் போவது என்ற இந்த வரிசை கட்டுவிரியன் கடிக்கு அப்படியே பொருந்துகிறது. ஆளைப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது, சரி. ஆனால் டெல்டா அரசு மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்த்த யாரிடம் இதைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது, "ராத்திரி தரையிலா படுத்திருந்தாங்க?" என்பதாகத்தான் இருக்கும். நானும் அப்படி வேலை பார்த்தவன்தான்.

கட்டுவிரியன் பகலில் மந்தமாகக் கிடக்கும். இரவில்தான் அதன் நடமாட்டம். எலி, அரணை, பல்லி, மற்ற பாம்புகள் என்று இரை தேடி வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் தூக்கத்தில் புரளும்போது கையோ முதுகோ அதன்மேல் படுகிறது, கடிக்கிறது. பல் மிகச் சிறியது. எறும்பு கடித்த மாதிரி இருக்கும், பல பேருக்கு அந்த உணர்வுகூட இருக்காது, தூக்கமே கலையாது. வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை, இரண்டு புள்ளித் தடமும் பெரும்பாலும் தெரியாது. விஷம் வேலையைக் காட்டச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் எல்லாம் விடியற்காலையில் ஆரம்பிக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள், தொண்டை அடைக்கிறது என்பார்கள், பேச்சு குழறும், இமை சரியும், கழுத்து நிற்காது. கடைசியில் மூச்சு விடும் தசைகள் ஓய்ந்துபோகும்.

நல்ல பாம்பின் விஷமும் நரம்பைத்தான் தாக்குகிறது. ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகும் இடத்தை ஒரு கதவு என்று வைத்துக்கொண்டால், நல்ல பாம்பு அந்தக் கதவைப் பூட்டுகிறது. கட்டுவிரியன் கதவையே பெயர்த்து எடுத்துவிடுகிறது. பூட்டியதை மருந்தால் திறக்கலாம், அதற்கு நியோஸ்டிக்மின் என்ற ஊசியும் கைகொடுக்கும். பெயர்த்ததை உடம்பு திரும்பக் கட்ட வேண்டும், அதற்குப் பல நாள் ஆகும். அதுவரை நோயாளிக்கு வென்டிலேட்டர்தான் மூச்சு. முற்றிய பிறகு எவ்வளவு விஷமுறிவு மருந்து ஏற்றினாலும் செயலிழந்த நரம்பு உடனே எழுந்து நிற்காது. ஆனால் வென்டிலேட்டரில் வைத்துப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டால், இவர்களில் பெரும்பாலோர் எந்தக் குறையும் இல்லாமல் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார்கள். இதில் கொடுமை ஒன்று உண்டு. கட்டுவிரியன் கடித்து முழுதாகச் செயலிழந்தவர் பார்ப்பதற்கு மூளைச்சாவு அடைந்தவர் மாதிரியே இருப்பார். கண்மணி விரிந்து நிற்கும், வெளிச்சம் காட்டினால் அசையாது, கிள்ளினால் முகம் சுளிக்காது. உள்ளே நினைவு இருக்கலாம், சுற்றி நிற்பவர்கள் பேசுவது கேட்டுக்கொண்டிருக்கலாம். அதனால் "கண்ணு விரிஞ்சுடுச்சு, வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்" என்ற முடிவைப் பாம்புக்கடி சந்தேகம் உள்ள எவருக்கும் அவசரப்பட்டு எடுக்கவே கூடாது.

ஆகவே உங்கள் அம்மாவிடம் இதை மட்டும் போனில் நிதானமாகச் சொல்லி மனதில் பதிய வையுங்கள். நேற்று இரவு நன்றாகப் படுத்தவர், காலையில் காரணமில்லாத வயிற்றுவலியோடு எழுந்து, இமை சரிந்தாலோ, எச்சில் விழுங்க முடியவில்லை என்றாலோ, தடம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பாம்பு என்றே வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஆஸ்பத்திரியில் போய் "வயித்துவலி" என்று மட்டும் சொன்னால் அசிடிட்டி ஊசி போட்டு உட்கார வைத்துவிடலாம். "தரையில் படுத்திருந்தார், பாம்பாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

இனி வயற்காட்டுக்கு வருவோம். நெல் இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் பாம்பு. குறுவை அறுப்பு, சம்பா அறுப்பு, அதற்குப் பிறகு உளுந்து, பயறு பறிக்கும் நாட்கள் எல்லாமே கண்ணாடி விரியனுக்கும் நமக்கும் முட்டிக்கொள்ளும் காலம். தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி கோத்த மாதிரி பழுப்பு வட்டங்கள், மிதிக்கும் முன்னால் குக்கர் விசில் போலச் சீறல். இது ஓடாது, கிடந்த இடத்திலேயே கிடக்கும், அதனால்தான் மிதிபடுகிறது. இது கடித்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. தாங்க முடியாத வலி, நிமிடங்களில் வீக்கம். விஷம் ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களையெல்லாம் தீர்த்துவிடுகிறது. பிறகு ஈறில் ரத்தம், சிறுநீரில் ரத்தம், ஊசி குத்திய இடத்தில்கூட ரத்தம் நிற்காது. அடுத்தது சிறுநீரகம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள கண்ணாடி விரியன் கடித்தால் இமை சரிவதும் உண்டு. அதனால் இமை சரிவதை வைத்து மட்டும் இன்ன பாம்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

நல்ல பாம்பை எல்லோருக்கும் தெரியும். கடித்த இடம் வீங்கி, கறுத்து, சதை அழுகும். கூடவே நரம்பு விஷம், அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள். நான்காவதான சுருட்டை விரியனுக்கு வறண்ட, கல்லும் முள்ளுமான மண்தான் பிடிக்கும், நம் சேற்று வயலில் அது குறைவு. மற்றபடி சாரை, தண்ணீர்ப்பாம்பு, பச்சைப்பாம்பு, கொம்பேறிமூக்கன் எல்லாம் ஆளைக் கொல்லாதவை. கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறி நின்று புகை வருகிறதா என்று பார்க்கும் என்று சின்ன வயதில் நம்மைப் பயமுறுத்தினார்களே, அது சுத்தக் கதை. ஓநாய்ப்பாம்பு ஒன்று உண்டு, அதற்கும் வளையம் இருக்கும், கட்டுவிரியன் என்று நினைத்து அடித்துக்கொண்டு வருவார்கள். கட்டுவிரியனுக்கு வளையம் வால் பக்கம் தெளிவாகவும் தலைப்பக்கம் மங்கலாகவும் இருக்கும், ஓநாய்ப்பாம்புக்கு நேர்மாறு. இதைப் படித்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்க்காதீர்கள்.

விஷக்கடி வைத்தியருக்கு இவ்வளவு பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்பதற்கு மேலே சொன்னதிலேயே பதில் இருக்கிறது. கடிக்கும் பாம்புகளில் பெரும்பகுதி விஷமில்லாதவை. விஷப் பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் வெறும் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போகும். அவரிடம் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எந்தச் சாறும் குடிக்காவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்வார். இறந்தவர் சொல்ல மாட்டார். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பல பேர் காசு வாங்காமல் செய்கிறார்கள், நடுராத்திரியில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருகிறார்கள். ஆனால் வேப்பிலையை மெல்லக் கொடுத்து, கசந்தால் விஷம் இல்லை, இனித்தால் ஏறிவிட்டது என்று கணிக்கும் சோதனைக்கு எந்த ஆதாரமும் கிடையாது. தினமும் சிறியாநங்கை தின்றால் விஷம் ஏறாது என்பதும் அப்படித்தான். நேர விரயத்தைவிடப் பெரிய ஆபத்து அந்தச் சாறு. நரம்பு விஷம் ஏறியவருக்குத் தொண்டைத் தசை வேலை செய்யாது. அவர் வாயில் ஊற்றுவது நேராக நுரையீரலுக்குப் போகும். அந்தப் பெண்ணுக்குச் சோடாவும் சாறும் கொடுத்தார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு உறுத்தியது அதுதான். பாம்புக்கடி சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது, தண்ணீர் உட்பட.

இது உங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று, வீடு வீடாகப் போய்ச் சாவுக்கான காரணத்தை விசாரித்த பெரிய ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். மருத்துவமனைப் பதிவேட்டில் வருவது இதில் ஒரு சிறு பகுதிதான். மற்றவர்கள் ஆஸ்பத்திரி வாசலையே பார்க்காமல் போனவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு 2030க்குள் இந்தச் சாவுகளைப் பாதியாகக் குறைக்க ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, 1939ஆம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டத்தின்கீழ் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. அதாவது தனியார் மருத்துவமனையும் தன்னிடம் வந்த ஒவ்வொரு கடியையும் அரசுக்குச் சொல்ல வேண்டும். எந்த வட்டாரத்தில் எந்த மாதம் எத்தனை கடி என்று தெரிந்தால்தான் மருந்தை அங்கே முன்கூட்டி அனுப்ப முடியும். தாமதமாக வந்த நல்ல காரியம் என்பது என் கருத்து.

சரி, கடித்துவிட்டது. என்ன செய்வது? செய்வது கொஞ்சம், செய்யாமல் இருப்பதுதான் அதிகம். கயிறு, துண்டு, தாலிக்கயிறு எதையும் இறுக்கிக் கட்ட வேண்டாம். கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்த காலில் கட்டுப் போட்டால் விஷம் ஒரே இடத்தில் தேங்கிச் சதையைக் கொல்லும். கால் போன ஆட்கள் உண்டு. ஏற்கெனவே யாராவது இறுக்கிக் கட்டியிருந்தால் அதை வீட்டில் சட்டென்று அவிழ்க்கவும் வேண்டாம், மருத்துவமனையில் அவிழ்க்கட்டும். பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, சூடு போடுவது எதுவும் கூடாது. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி இவற்றை உடனே கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தவருக்குச் செய்வது போல ஒரு மட்டையோ பலகையோ வைத்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். ஆளை நடக்க விட வேண்டாம், தசை வேலை செய்தால் விஷம் வேகமாகப் பரவும். வாந்தி வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

பாம்பைத் தேடிப் போகாதீர்கள். அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வருவது இன்னமும் நடக்கிறது. வெட்டிய தலைகூடக் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும். தூரத்திலிருந்து செல்போனில் ஒரு படம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குறையில்லை. இந்தியாவில் கொடுக்கும் மருந்து இந்த நான்கு பாம்புக்கும் சேர்த்துச் செய்த ஒரே மருந்து. எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் உடம்பு காட்டும் அறிகுறியை வைத்து ஆரம்பிக்க முடியும்.

அடுத்தது வண்டி. 108க்குப் போன் போடுங்கள், "பாம்புக்கடி" என்ற வார்த்தையை முதலிலேயே சொல்லுங்கள். ஆனால் ஆம்புலன்ஸ் வர நேரம் ஆகும் என்று தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். பைக்கில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் கடிபட்டவரை உட்கார வைத்துக் கிளம்பிவிடலாம், வழியில் ஆம்புலன்ஸில் மாற்றிக்கொள்ளலாம். நேபாளத்தின் தெற்குச் சமவெளியில், டமாக் என்ற ஊர்ப் பக்கம், கிராமத்து இளைஞர்களை வைத்து இப்படிப் பைக்கில் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். பத்துச் சதவீதத்துக்கு மேல் இருந்த சாவு ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்தது. புது மருந்து ஏதும் இல்லை, அதே மருந்துதான், சீக்கிரம் கிடைத்தது. நம் டெல்டாவில் சாலையும் பைக்கும் அந்த ஊரைவிட நன்றாகவே இருக்கின்றன. உங்கள் தெருவில் ராத்திரி எழுப்பினால் வரக்கூடிய இரண்டு பேரின் போன் நம்பரை அப்பா அம்மாவின் போனில் பதிந்து, சுவரிலும் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

எங்கே போவது? இதைத்தான் கடிபடுவதற்கு முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். பாம்புக்கடி மருந்தை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருப்பு வைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது, இலவசம். ஆனால் எல்லா நிலையத்திலும் இரவில் டாக்டர் இருப்பதில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பகலில் ஒரு நடை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "ராத்திரி டாக்டர் இருப்பாங்களா, பாம்பு மருந்து இருக்கா" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இல்லை என்றால் நேராகத் திருத்துறைப்பூண்டி அரசு மருத்துவமனை. வென்டிலேட்டரும் டயாலிசிஸும் தேவைப்பட்டால் திருவாரூர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்துக்கு ஒரத்தூரில் 2022இல் திறந்த மருத்துவக் கல்லூரி, மேற்கே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி. சிறிய இடத்தில் முதல் டோஸ் ஏற்றிக்கொண்டு பெரிய இடத்துக்குப் போவது சரியான முறை. ஒன்றும் ஏற்றாமல் "மேல கொண்டுபோங்க" என்று எழுதிக் கொடுத்தால், அறிகுறி இருக்கிறதே, முதல் டோஸை இங்கேயே ஆரம்பிக்க முடியுமா என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். தனியார் நர்சிங் ஹோம்களில் இந்த மருந்து பெரும்பாலும் இருக்காது, அங்கே ஏறி இறங்கி நேரத்தைத் தொலைக்க வேண்டாம்.

மருத்துவமனையில் நடப்பது தெரிந்தால் கூட இருப்பவர்களுக்குப் பதற்றம் குறையும். சுத்தமான, காய்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் அந்த நேரத்துக்கு நல்லது. தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது. இவ்வளவு எளிய சோதனை, எந்த இயந்திரமும் வேண்டாம். முதல் தடவை உறைந்துவிட்டது என்பதற்காக வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், திரும்பத் திரும்பச் செய்வார்கள், 24 மணி நேரமாவது வைத்துப் பார்ப்பார்கள். அந்த 24 மணி நேரத்தை முழுதாக இருங்கள். "ஒண்ணுமில்லையே, வேலை கிடக்கு" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பி, சாயங்காலம் மூச்சில்லாமல் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி எதுவும் இல்லை என்றால் விஷமுறிவு மருந்து ஏற்ற மாட்டார்கள். "பாம்பு கடிச்சிருக்கு, ஏன் ஊசி போடல" என்று சண்டை பிடிப்பது வழக்கம். இது தடுப்பூசி இல்லை. உள்ளே விஷம் இருந்தால்தான் இதற்கு வேலை. இன்னொரு குழப்பமும் உண்டு: எந்தக் காயத்துக்கும் போடுகிற டி.டி. ஊசியைப் போட்டதும், பாம்பு ஊசி போட்டாச்சு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாம்பு மருந்து கையில் குத்துகிற ஒற்றை ஊசி கிடையாது. பொடியாக இருக்கும் மருந்தைக் கரைத்து, 8 அல்லது 10 குப்பி சலைனோடு சேர்த்து ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். ஆறு மணி நேரம் கழித்தும் ரத்தம் உறையவில்லை என்றால் மறுபடியும். குழந்தைக்கும் பெரியவருக்கும் அதே அளவுதான். கடிக்கிற பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக்கொள்வதில்லை.

ஊசியே கொன்றுவிடும் என்ற பயத்துக்கு ஓரளவு காரணம் இருக்கிறது. இந்த மருந்து குதிரையின் உடம்பில் சிறிது சிறிதாக விஷத்தைச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்வது. குதிரைப் புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அரிப்பு, தடிப்பு, நடுக்கம், வாந்தி, சிலருக்கு ரத்த அழுத்தம் சரிந்து மூச்சுத்திணறல். இது அபூர்வமான விஷயம் இல்லை, நம் நாட்டு மருந்தில் அடிக்கடி வருகிறது. ஆனால் இந்த ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசி பக்கத்தில் இருந்தால் நிமிடங்களில் சமாளிக்கலாம். மருந்தை நிறுத்தி, அட்ரினலின் தொடையில் போட்டு, ஆள் தெளிந்ததும் மருந்தை மெதுவாக மறுபடி தொடருவார்கள். விஷம் ஏறியவருக்கு இந்த ஆபத்தையும் அந்த ஆபத்தையும் தராசில் வைத்துப் பார்த்தால் மருந்துதான் எப்போதும் ஜெயிக்கும். விஷம் ஏறாதவருக்குத் தேவையில்லாமல் ஏற்றக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி நம் தமிழ்நாட்டிலிருந்தே போகிறது. மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர்கள் 1978இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இந்த நான்கு பாம்புகளையும் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறது. ஒரே வகைப் பாம்பின் விஷம்கூட வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது, அதனால் ஒரே இடத்து விஷத்தில் செய்த மருந்து நாடு முழுக்க ஒரே மாதிரி வேலை செய்யாது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ராஜஸ்தான், வடகிழக்கு போன்ற இடங்களுக்கு அது பெரிய கவலை. மருந்து இன்னும் நன்றாகச் செய்யப்பட வேண்டியதுதான். ஆனால் நம் பக்கத்துச் சாவுகளில் மருந்தின் குறையைவிடத் தாமதத்தின் பங்குதான் பெரிது என்று நினைக்கிறேன்.

பிழைத்து வந்த பிறகு யாரும் கவனிக்காத ஒரு பகுதி இருக்கிறது. கண்ணாடி விரியன் கடித்தவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே எவ்வளவு சிறுநீர் போகிறார் என்று கூட இருப்பவர் அளந்து வைக்க வேண்டும். குறைந்தால் அதுதான் சிறுநீரகத்தின் முதல் முறையீடு. டயாலிசிஸ் என்றதும் வாழ்நாள் முழுக்க என்று பயப்படுகிறார்கள். பாம்புக்கடியில் பெரும்பாலும் சில வாரங்கள்தான், பிறகு சிறுநீரகம் திரும்பிவிடும். சிலருக்கு முழுதாகத் திரும்பாது. அதனால் வீட்டுக்கு வந்த பிறகும் சில மாதங்களுக்கு கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), ரத்த அழுத்தம் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைவிடவும் கண்ணில் படாதது ஒன்று: கண்ணாடி விரியன் விஷம் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைச் சேதப்படுத்தலாம். மாதங்களோ வருடங்களோ கழித்துத் தீராத அசதி, பசியின்மை, குளிர் தாங்காமை, உடம்பு முடி உதிர்தல், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோதல் என்று வரும். "பாம்பு கடிச்சதுலேருந்து ஆளே சரியில்லை" என்று ஊரில் சொல்கிற சிலருக்கு இதுவாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையும் உண்டு. டாக்டரிடம் பழைய பாம்புக்கடியைச் சொன்னால்தான் அவருக்கு அந்தத் திசையில் யோசனை போகும்.

தடுப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு காரியம் செய்தால் பெரும்பகுதி முடிந்துவிடும். ஒன்று, அப்பாவும் அம்மாவும் கட்டிலில் படுக்கட்டும், கொசுவலை கட்டி அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிடட்டும். வலைக்குள் படுப்பவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்பதும் நேபாளத்தில் பார்த்திருக்கிறார்கள். கஜா புயலுக்குப் பிறகு நம் பக்கம் எத்தனை குடும்பங்கள் தார்ப்பாயின் கீழ் வெறும் தரையில் படுத்தன என்பது உங்களுக்கே தெரியும். அந்த நிலையில் யாரும் கட்டிலைப் பற்றி யோசித்திருக்க முடியாது, இப்போது யோசிக்கலாம். இரண்டு, ராத்திரி வெளியே கால் வைத்தால் டார்ச். கொல்லைக்குப் போவதாக இருந்தாலும், மோட்டார் போடப் போவதாக இருந்தாலும். செல்போன் வெளிச்சமும் போதும். வைக்கோல் போரையும் விறகையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காமல் தள்ளி வையுங்கள். வைக்கோல் கட்டைத் தூக்கும்முன் கம்பால் ஒரு தட்டுத் தட்டிப் புரட்டச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வயல் மூழ்கினால் பாம்பு வரப்புக்கும் திண்ணைக்கும் ஏறும், அந்த மாதங்களில் கூடுதல் கவனம். நடவுக்கும் களைக்கும் பூட்ஸ் போடுங்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். முழங்கால் சேற்றில் அதைப் போட்டுக்கொண்டு எந்த அம்மா நடவு நடுவார்? அறுப்பிலும் பயறு பறிக்கும்போதும் போடலாம், அப்போது போட்டால் போதும். பூண்டு, மண்ணெண்ணெய், பினாயில் தெளிப்பதை நம்பிக் காசு செலவழிக்காதீர்கள். எலியைக் குறைத்தால் பாம்பு தானாகக் குறையும், கிட்டி வைக்கிறவர்களை வருடம் தவறாமல் கூப்பிடுங்கள்.

பணக் காரியம் ஒன்று. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு இருந்தால், பாம்புக்கடியால் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். ஆனால் மருத்துவமனைப் பதிவு இருக்க வேண்டும். வைத்தியரிடமே முடிந்துபோன சாவுகளில் அந்தக் குடும்பத்தின் கையில் ஒரு காகிதம்கூட இருப்பதில்லை. உங்கள் பெற்றோருக்கு இந்தப் பிடித்தம் போகிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள். சேருவதற்கு 70 வயது வரை வரம்பு.

கடைசியாக அப்பாவின் சர்க்கரையும் பிரஷரும். இரண்டும் இருந்தாலும் விஷமுறிவு மருந்து ஏற்றலாம், அதைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டியதே இல்லை. ஆனால் அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது அங்கே தெரிய வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற ரத்தம் நீர்த்துப்போகும் மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தக் கசிவு கூடும். சில பிரஷர் மாத்திரைகள் இருந்தால் ஒவ்வாமை வரும்போது அட்ரினலின் எதிர்பார்த்த அளவு வேலை செய்யாது, டாக்டர் அதற்கு வேறு ஏற்பாட்டோடு நிற்க வேண்டும். சர்க்கரையால் ஏற்கெனவே சிறுநீரகம் பாதித்திருந்தால் கண்ணாடி விரியன் கடியில் அவருக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல், முதல் நாளிலிருந்தே டயாலிசிஸ் வசதி உள்ள இடத்தில் இருப்பது நல்லது. இந்த வருடம் அவருக்கு கிரியேட்டினின் பார்க்கவில்லை என்றால் பார்த்துவிடுங்கள், பாம்பு கடித்தாலும் கடிக்காவிட்டாலும் அது தேவை. அவருடைய மாத்திரைச் சீட்டைப் போட்டோ எடுத்து உங்கள் போனில் ஒன்று, அந்த இரண்டு பக்கத்து வீட்டுப் பையன்கள் போனில் ஒன்று வைத்துவிடுங்கள். சீட்டு மாறினால் படத்தையும் மாற்றுங்கள்.